காவலுக்கு நிறுத்திய சாமி

சிஸ்டர்,

இன்று காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கம்பம் டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னறை ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒத்திப்போட்டிருந்த வேலை. கடைப் பெண் மாதிரிக்கு மாட்டியிருந்த ஒரு திரையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். கம்பியில் வளையங்கள் கரகரவென்று ஓடிப்போய் ஓரத்தில் மோதின. அவள் நிறத்தைப் பற்றி ஏதோ கேட்கிறாள், எனக்குக் காதில் ஏறவில்லை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, உத்தமபாளையம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் வீடு காமயகவுண்டன்பட்டிப் பக்கம். அந்த பஸ் அங்கே போகாது என்று தெரிந்தேதான் ஏறினேன். நீங்கள் போய் இன்றோடு முப்பத்து நான்கு நாள்.

சிஸ்டர் என்றுதான் எழுத வருகிறது. நீங்கள் கன்னியாஸ்திரி இல்லை. சாதாரணப் புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறவர், என்னைவிட நான்கு வயது இளையவர். வேதக்கோயில் காம்பவுண்டுக்குள் உட்கார்ந்து மனசு சரியில்லாதவர்களோடு பேசிக்கொண்டிருந்ததால் ஊரே உங்களை அப்படிக் கூப்பிட்டது. நீங்களும் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டீர்கள். என்னை மட்டும் அக்கா என்பீர்கள்.

உங்கள் அறையில் இருந்த திரைக்கும் அதே மாதிரி வளையங்கள்தான். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடந்த சின்ன அறை அது. சுவரோடு பதித்த பெரிய சிலுவை. அதை எடுக்கவும் முடியாது, எடுக்க உங்களுக்கு மனசும் இல்லை. ஆனால் வருகிறவர்களில் எல்லாரும் இருந்தார்கள். எங்களைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், கம்பத்திலிருந்து வருகிற பாய்மார்கள், சாமியே வேண்டாம் என்கிறவர்கள். அதனால் சிலுவைக்குக் குறுக்கே கம்பி கட்டிப் பச்சைத் திரை போட்டிருந்தீர்கள். வருகிறவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்பீர்கள்.

"திரை திறந்திருக்கட்டுமா, மூடியிருக்கட்டுமா? சாமி கூட இருந்தாத்தான் பேச்சு வரும்னு சிலர் சொல்வாக. சாமி இருந்தா பேச்சே வராதுன்னு சிலர் சொல்வாக. ரெண்டும் எனக்குச் சம்மதம். எப்ப வேணாலும் மாத்திக்கிடலாம்."

திறந்திருக்கட்டும் என்றேன் நான். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, காவலுக்கு ஆள் கூட இருந்தால் நல்லது என்று நினைத்தேன். என்னிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்ற யாராவது வேண்டியிருந்தது.

அது எப்படி ஆரம்பித்தது என்பதை உங்களைத் தவிர யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. மகனுக்கு அப்போது ஐந்து மாதம். தோட்டத்தில் திராட்சை அறுப்பு. பந்தல் போட்டிருந்த கல்தூண்கள் இரண்டுக்கு நடுவில் சேலையில் தொட்டில் கட்டி அவனைப் போட்டிருந்தேன். என் கையில் குலை வெட்டுகிற கத்தரி. ஒரு குலையை வெட்டிக் கூடையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். சேலை விலகி அவன் கழுத்து தெரிந்தது. அப்போது அந்த நினைப்பு வந்தது. கத்தரியையும் அந்தக் கழுத்தையும் சேர்த்து ஒரு படம். ஒரு நொடிதான். நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. கத்தரியைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வெயில் என்றார் வீட்டுக்காரர். ஆமாம் என்றேன்.

மறுநாள் அரிவாள்மணையைப் பார்த்ததும் வந்தது. அதற்கடுத்த நாள் குளிப்பாட்டும்போது, தண்ணீர் நிறைந்த அண்டாவைப் பார்த்ததும் வந்தது. கால்வாய்ப் பாலத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது என் கைகளே அவனை எறியப் போகின்றன என்று தோன்றி, நடுப்பாலத்தில் கால் மரத்து நின்றுவிட்டேன். பின்னால் வந்த டிராக்டர்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பெற்ற பிள்ளை, உயிராக நினைக்கிற பிள்ளை. அவனைக் கொல்ல நினைக்கிறவள் நான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டிலிருந்த கத்தி, கத்தரி எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். குளிப்பாட்டுவதை மாமியாரிடம் தள்ளிவிட்டேன். பிள்ளையோடு தனியாக இருக்க நேர்ந்தால் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். நினைப்பு வந்ததும் "மாரியாத்தா காப்பாத்து" என்று இருபத்தொரு தடவை சொல்ல வேண்டும். சொல்லி முடித்து அவன் நெற்றியில் திருநீறு பூச வேண்டும். நடுவில் யாராவது பேசிவிட்டால், யாராவது இருமிவிட்டால், எண்ணிக்கை கெட்டுப்போனது; முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்காவிட்டால் நினைத்தது நடந்துவிடும். இந்தச் சட்டத்தை எனக்கு யார் போட்டது என்று கேட்டால் தெரியாது. ஆத்தாவே போட்ட மாதிரிதான் இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் இருமல் இல்லாத ஐந்து நிமிஷம் எங்கே கிடைக்கும்? நாளெல்லாம் என் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

மருமகளுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று மாமியார் முடிவு கட்டினார். கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். அவர் உடுக்கை அடித்து, திராட்சைத் தோட்டத்தில் காற்று கருப்பு பிடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டினார். தாயத்தையும் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று என் சட்டத்தில் ஒரு வரி கூடியது, அவ்வளவுதான். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். ஊசி போடும்போது எந்தத் தாயும் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொள்வாள், நான் இரண்டடி தள்ளி நின்றேன். என்னைத் தனியாக அழைத்து உங்களைப் பற்றியும் உங்கள் ஊரையும் சொன்னார். வேதத்துல சேத்து மதம் மாத்திருவாகளோ என்று வீட்டுக்காரர் தயங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி போ, ஆனா எங்கம்மாகிட்டச் சொல்லாத என்றார். மாமியாரிடம் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். கத்தரியைக் கண்டால் நடுங்குகிறவளுக்கு வேறு பொய்யே கிடைக்கவில்லை.

முதல் நாளே இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது என்றீர்கள். கூடவே ஒன்று சொன்னீர்கள். யார் உயிருக்காவது ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுவீர்களாம். அதையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வீர்களாம். நேர்மையான வார்த்தை. ஆனால் எனக்கு அதோடு வாய் அடைத்துப்போனது. நான் சொன்னால் நீங்கள் போனை எடுப்பீர்கள், யாராவது வருவார்கள், என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படிப் போனால் நல்லதுதானே, அவன் பிழைத்துக்கொள்வான் என்றும் தோன்றியது. அவன் இல்லாமல் எப்படி இருப்பேன் என்றும் தோன்றியது. மூன்று வாரம் உங்களிடம் தலைவலி, தூக்கமில்லை, மாமியார் என்றே பேசினேன். மாமியாரைப் பற்றிச் சொன்னதில் பாதி பொய். பாவம் அவர்.

நான்காவது முறை பிள்ளையையும் கூட்டி வர வேண்டியதாகிவிட்டது. மாமியார் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு உரக்கடைக்குப் போனார். அவனுக்கு அப்போது பத்து மாதம். பாயில் தவழ்ந்து உங்கள் நாற்காலிக் காலைப் பிடித்து நின்றான். நான் கைகள்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"கைய ஏன்க்கா அப்படி வச்சிருக்கீக?" என்று கேட்டீர்கள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து உங்கள் நாற்காலியைத்தான் பார்த்தேன். அது ஒரு அங்குலம்கூடப் பின்னால் நகரவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து தள்ளி வைக்கவும் இல்லை. அப்படிச் செய்ய ஆசை இருக்கிறதா என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் நான் செத்துப்போவேன் என்றேன். காதில் யாராவது சொல்வதுபோலக் கேட்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். நினைப்பு வந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். இருபத்தொன்றையும் திருநீற்றையும் சொன்னேன். அப்போதுதான் குனிந்து அவன் நெற்றியைப் பார்த்தீர்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்துத் தோல் வழன்று புண்ணாகியிருந்தது. வேர்க்குரு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க பயந்ததுல ஒண்ணுகூட இவனுக்கு நடக்கல. இந்தப் புண்ணு மட்டும்தான் நடந்திருக்கு."

அன்றைக்கு அழுத அழுகை இன்னும் நினைவில் இருக்கிறது. நான் கொலைகாரி இல்லை, இது ஒரு நோய், எண்ணச் சுழற்சி என்று இதற்குப் பெயரே இருக்கிறது, பிள்ளை பெற்ற பெண்கள் நிறையப் பேருக்கு வருகிறது, வெட்கத்தில் சொல்லாமல் புழுங்குகிறார்கள் என்றீர்கள். தேனியில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தீர்கள். மாத்திரை வேலை செய்யட்டும், மீதியை நாம் இரண்டு பேரும் செய்வோம் என்றீர்கள்.

அடுத்த வாரம் வந்தபோது நீங்கள் உட்காரவில்லை. திரைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"இன்னைக்கு ஒருநாள் இத மூடிக்கிடலாமா? நீங்க சரின்னு சொன்னாத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி கூட இருக்கட்டும் என்று திரையைத் திறக்கச் சொன்னவள் நான். நீங்களோ கழுத்தில் செபமாலை போட்டவர். அதைத்தான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"கும்பிட வேண்டாம்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? நானே ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கும்பிடுறவ. ஆனா நீங்க சாமியக் காவலுக்கு நிறுத்தி வச்சிருக்கீக. இருபத்தொரு தடவ தட்டித் தட்டி எழுப்புறீக. பயத்துக்கு வேல பாக்குற சாமியாப் போச்சு அது. கொஞ்ச நாளைக்கு லீவு விடுவோம்."

நான் தலையை ஆட்டினேன். நீங்கள் திரையை இழுத்தீர்கள். வளையங்கள் ஓடுகிற சத்தம் என் முதுகுத்தண்டில் ஓடியது. இனி என்னைத் தடுத்துப் பிடிக்க யாரும் இல்லை என்று அப்போது நினைத்தேன். இன்று காலை கடையில் கேட்டதும் அதே நினைப்புதான்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் வைத்தியம் என்று சொன்னால் என் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நினைப்பு வந்தால் விரட்டக் கூடாது, எண்ணக் கூடாது, திருநீறு கூடாது. வந்த விருந்தாளி தானாகப் போகிற வரைக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து, பிறகு ஒரு பொழுது. ஒவ்வொரு நாளும் அவன் செத்துப்போவான் என்று உறுதியாக நம்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். சாயங்காலம் அவன் உயிரோடு இருப்பான். அதைப் பார்த்து நிம்மதி வராது, நாளைக்கு என்று பயம் வரும். இப்படி இரண்டு மாதம். நடுவில் மாமியார் வேறு, "ரெண்டு மாசமா தையல் படிக்கிறியே, ஒரு சட்டை தச்சுக் குடு பாப்போம்" என்று துணியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை நீங்கள்தான் உங்கள் ஊர்த் தையல்காரரிடம் தைத்து வாங்கிக் கொடுத்தீர்கள். தோள்பட்டை சரியில்லை என்று மாமியார் குறை சொன்னதை உங்களிடம் வந்து சொன்னபோது, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒருநாள் திராட்சைக் கத்தரியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். செய்தித்தாளில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்து, பஸ்ஸில் யாரும் என்மேல் இடித்துவிடாமல் கொண்டுவந்தேன். மேஜையில் பிரித்து வைக்கச் சொன்னீர்கள். பிள்ளை என் மடியில். திரை மூடியிருந்தது. அப்புறம் நீங்கள் எழுந்தீர்கள், டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று. நான் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்காது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"சொல்ல மாட்டேன்க்கா. இன்னைக்குச் சொன்னா நாளைக்கும் கேப்பீக. நாளைக்கு நடக்கப் போறது எனக்கும் தெரியாது. தெரியாமத்தான் எல்லா அம்மாவும் பிள்ளையத் தூக்குறாக."

கதவு சாத்திக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கத்தரி ஒரு கை தூரத்தில் பளபளத்தது. அவன் கழுத்து என் தாடைக்குக் கீழே சூடாக இருந்தது. படங்கள் வந்தன, ஒன்றன் மேல் ஒன்றாக, இதுவரை வராத மோசமான படங்கள். மாரியாத்தா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். உடம்பெல்லாம் வேர்வை. இப்போது எடுக்கப் போகிறேன், இப்போது எடுக்கப் போகிறேன் என்று காத்திருந்தேன். என் கைகள் எடுக்கவில்லை. அவன் என் சட்டை ஊக்கைப் பிடித்து இழுத்து விளையாடினான், அப்படியே மடியில் ஒன்றுக்குப் போனான். அந்த ஈரம் பட்டதும் நான் முதலில் நினைத்தது மாற்று ஜட்டி எடுத்து வரவில்லையே என்பதுதான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சாதாரணத் தாயின் நினைப்பு.

நீங்கள் இரண்டு டம்ளர் டீயோடு வந்தீர்கள். ஒரு டம்ளர் தளும்பி, டீ உங்கள் விரலில் சிந்தியிருந்தது. ரொம்ப நாள் கழித்து, நன்றாகப் பழகிய பிறகு கேட்டேன், எந்தத் தைரியத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று. உங்களைத் தெரியும், அந்த நோயையும் தெரியும், அதனால்தான் என்றீர்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இருந்தாலும் கதவுக்கு வெளிய நின்னு ஒரு செபம் சொல்லத்தான் செஞ்சேன். ஒரே தடவ" என்றீர்கள். அந்த ஒரே தடவைக்காகத்தான் உங்களை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

சாமியை எனக்குத் திருப்பிக் கொடுத்ததும் நீங்கள்தான். காலையில் ஒரு தடவை கும்பிடலாம், எண்ணாமல். வார்த்தை தப்பினாலும், நடுவில் யாராவது கூப்பிட்டாலும் திரும்பச் சொல்லக் கூடாது. பயந்து கும்பிடுவது வேறு, பிரியப்பட்டுக் கும்பிடுவது வேறு. எது எது என்று உங்களுக்கே தெரியும் என்றீர்கள். தெரிந்தது. மகன் நடந்தான், பேசினான், பள்ளிக்கூடம் போனான். நானும் பிள்ளை பிறக்கும் முன்பு பார்த்த பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினேன். இப்போது அவன் நான்காம் வகுப்பு. நினைப்புகள் இன்னும் வரும். வரட்டும் என்று விடுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களைப் பார்க்க வருவேன். திரை திறந்தே இருக்கும்.

இனி எழுதப் போவதைத்தான் எழுத முடியாமல் முப்பத்து நான்கு நாளாகப் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

கடைசியாகப் பார்த்த அன்று பேசி முடித்து வெளியே வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினீர்கள். வாசலைத் தாண்டும்போது எனக்குள் ஒரு படம் வந்தது. மெயின் ரோட்டில் ஒரு லாரி, அதன் அடியில் நீங்கள். உங்கள் பச்சைப் புடவைகூடத் தெரிந்தது. அந்தக் காலமாக இருந்தால் இருபத்தொன்று சொல்லியிருப்பேன், ஓடி வந்து உங்களை நிறுத்தியிருப்பேன். நான் ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி வரட்டும் என்று விட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று வேர்க்கடலை வாங்கிக் கொறித்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அடுத்த முறை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று.

பதினோராம் நாள் நர்ஸம்மா போன் செய்தார். டெங்குக் காய்ச்சல். நான்கு நாள் வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்தத் தட்டணுக்கள் மோசமாக இறங்கியிருந்தன, காப்பாற்ற முடியவில்லை. லாரி இல்லை, கொசு. ஆனால் பயத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. நீ சாவை நினைத்தாய், அழிக்காமல் விட்டாய், சாவு வந்தது என்று அது சொன்னது. பத்து வருஷமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்த மாதிரி சொன்னது.

உங்களை நான் கொன்றேனா சிஸ்டர்? இல்லை என்று சொல்ல நீங்கள் இல்லை. நீங்கள் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அடக்கத்துக்கு வந்தேன். கோயில் நிறையக் கூட்டம். எல்லாருடைய உதடுகளும் செபத்தில் அசைந்தன, நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் இருபத்தொன்று வந்துவிடும் என்று பயம். திறக்காவிட்டால் உங்களுக்காக ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பாவி ஆகிவிடுவேன் என்று பயம். உங்கள் அப்பா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். என் கையையும் பிடித்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"எம் மகளுக்காக ஒரு செபம் சொல்லு தாயி."

நான் கையை உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் என் கை மறுபடியும் மகன் நெற்றியைத் தேடுகிறது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு தடவை திருநீறு பூசுகிறேன். வாசலில் ஒரு தடவை. தெரு முனை வரை போய் இன்னொரு தடவை. போன வாரம் அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எரியுதும்மா, எத்தன தடவ பூசுவ?" என்றான். அவனுக்குப் பழைய புண் நினைவில்லை. எனக்கு இருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் அது திரும்ப வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உங்கள் அறை பூட்டிக் கிடக்கிறது. தேனி டாக்டரிடம் போக வேண்டும், போவேன். அதற்கு முன்னால் உங்களிடம் வர வேண்டியிருந்தது.

அதனால்தான் இன்று அந்த பஸ்ஸில் ஏறினேன். உத்தமபாளையத்தில் மாறி உங்கள் ஊரில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மண் இன்னும் அடங்கவில்லை. மாலைகள் காய்ந்து சருகாகிக் கிடந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மண் காலைச் சுட்டது. எனக்கு உங்கள் செபம் தெரியாது. என் ஆத்தாவைத்தான் கூப்பிடத் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. அது பயத்தின் வேலை என்று தெரிந்தது, கேட்கவில்லை. உங்கள்மேல் இருக்கிற பிரியத்துக்காக ஒரு தடவை, ஒரே தடவை கும்பிட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்துகொண்டு கண்ணை மூடினேன். "ஆத்தா, எந் தங்கச்சிய..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு தாயி, சொந்தமா?"

கண்ணைத் திறந்தேன். கையில் மண்வெட்டியோடு ஒரு அம்மா. பக்கத்துக் கல்லறையில் புல் செதுக்க வந்தவர். வழக்கமாகச் சொல்கிற பொய்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கூடப் படித்தவள், தையல் வகுப்பு, ஒரே ஸ்கூலில் வேலை. பத்து வருஷமாக எந்த வாசலிலும் யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன்.

"சொந்தமில்லம்மா. எனக்கு மனசு கெட்டுப்போயிருந்துச்சு. பெத்த பிள்ளைய ஏதாச்சும் செஞ்சுருவேனோன்னு பயந்து இவுககிட்ட வந்தவ நான்."

அந்த அம்மா ஓரடி பின்னால் வைத்தார். நான் பார்த்தேன். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது, ஒரே ஓரடி. அவர் மண்வெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப பிள்ள?"

"நாலாப்புப் படிக்கிறான்."

"பயம் போயிருச்சா?"

"போகல. இங்கன நிக்கையிலயும் இருக்கு."

அவர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் புல்லைச் செதுக்க ஆரம்பித்தார். சரக் சரக்கென்று சத்தம். என் கும்பிடு நடுவில் அறுந்து கிடந்தது. எண்ணிக்கை கெட்டுப்போனது, முதலிலிருந்து ஆரம்பி, இல்லாவிட்டால் அடுத்தது உன் பிள்ளை என்று உள்ளே பயம் கூவியது. இன்று வியாழக்கிழமை, அவனுக்கு விளையாட்டுப் பீரியட் இருக்கிறது, கீழே விழுவான், பாம்பு கடிக்கும், படங்கள் ஓடின. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வர எத்தனையோ நேரம் இருந்தது, போகவில்லை.

இப்போது மணி நாலரை. அவன் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. வாசலைப் பார்த்தபடிதான் இதை எழுதுகிறேன். உங்களுக்காகச் சொல்ல வந்ததில் மூன்று வார்த்தைதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இன்னும் சொல்லவில்லை.